முதலாளியின் மதமும் தொழிலாளியின் சம்பளமும்: அமெரிக்கச் சட்டம் எங்கே கோடு போடுகிறது?

2025 ஜூலையில் அமெரிக்க மத்திய அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அரசு ஊழியர்கள் மேசையில் பைபிளோ சிலுவையோ வைத்துக்கொள்ளலாம். வேலை இல்லாத நேரத்தில் கூடி ஜெபிக்கலாம். தொந்தரவாக மாறாத வரை, தன் மதமே சரி என்று சக ஊழியரிடம் எடுத்துச் சொல்லலாம். இந்த உரிமை மேலதிகாரிகளுக்கும் உண்டு என்றது அந்த அறிக்கை.

இதைப் படித்த பலருக்கும் உடனே எழுந்த கேள்வி: அப்படியானால் தனியார் முதலாளியும் தன் மதத்தை அலுவலகத்துக்குள் கொண்டுவரலாமா? பழைய வழக்குகளைப் புரட்டினால் குழப்பம் இன்னும் கூடுகிறது. 2014-ல் ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் கடை தன் மத நம்பிக்கையைச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. ஊழியர்களை ஜெபக் கூட்டத்துக்கு வரச் சொன்ன நிறுவனங்களோ தோற்றன. 2023-ல் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த தபால்காரர் பக்கம் நீதிமன்றம் சாய்ந்தது. பார்வைக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் இந்தத் தீர்ப்புகளை இரண்டு கேள்விகளை வைத்துப் பெரும்பாலும் பிரித்துவிடலாம். இங்கே பேசப்படுவது யாருடைய நம்பிக்கை? அந்த நம்பிக்கைக்கான விலையைக் கொடுப்பது யார்?

(கல்யாண கேக் செய்ய மறுத்த கடைக்காரர் வழக்கை இங்கே சேர்க்கவில்லை. அது வாடிக்கையாளர் சம்பந்தப்பட்டது, சட்டமும் வேறு.)

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு விஷயங்கள்

1. 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் தலைப்பு. இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரில் வேலை மறுப்பதோ, வேலையை விட்டு நீக்குவதோ, சம்பளத்தில் கை வைப்பதோ கூடாது என்கிறது. 15 பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களையும் சரியாக 15 பேர் உள்ளவற்றையும் இது கட்டுப்படுத்தும். அதற்குக் குறைந்தால் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். புகார்களை விசாரிப்பது சம வேலைவாய்ப்பு ஆணையம். மதம் என்ற சொல்லுக்குள் மதம் இல்லாமையும் அடங்கும். நாத்திகருக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

2. இடங்கொடுத்தல். 1972-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஊழியரின் வழிபாடு, உடை, விரதம், ஓய்வுநாள் ஆகியவற்றுக்கு முதலாளி நியாயமான அளவுக்கு இடங்கொடுக்க வேண்டும்; தொழிலுக்கு மிகையான சிரமம் என்றால் மட்டும் மறுக்கலாம். சிரமம் எது, மிகையான சிரமம் எது என்பதில்தான் ஐம்பது வருடச் சண்டை.

3. சமய நிறுவனங்களுக்கு விலக்கு. தேவாலயம், மசூதி, கோயில், சமயப் பள்ளி போன்றவை தங்கள் மதத்தவரையே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

4. 1993-ஆம் ஆண்டு சமயச் சுதந்திர மீட்புச் சட்டம். ஒருவர் தன் சமயத்தைக் கடைப்பிடிப்பதன் மீது மத்திய அரசு பெரிய சுமையை வைத்தால், அதற்கு மிக வலுவான காரணம் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்த சுமையில் காரியம் ஆகாது என்றும் காட்ட வேண்டும். முதல் மூன்றும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலானவை. இது அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலானது. பெரும்பாலான குழப்பம் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விடுவதால் வருகிறது.

அரிசோனாவில் ஒரு பட்டறை

அடிப்படையைப் புரிந்துகொள்ள டவுன்லி வழக்கைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. புளோரிடாவைச் சேர்ந்த டவுன்லி தம்பதி சுரங்கத் தொழிலுக்கான இயந்திரங்கள் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தொழிலைக் கிறிஸ்தவ நெறிப்படி நடத்துவதாகக் கடவுளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அது வெறும் பேச்சாக நிற்கவில்லை. வெளியே போகும் தபாலில் சுவிசேஷத் துண்டுப் பிரசுரம் வைத்தார்கள். பில்களில் பைபிள் வசனம் அச்சடித்தார்கள். வாரம் ஒருமுறை வேலை நேரத்தில், சம்பளத்தோடு, ஜெபக் கூட்டம் நடத்தினார்கள். அரை மணிக்கு மேல் நீளும் அந்தக் கூட்டத்தில் பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு எல்லாம் உண்டு. தொழில் விஷயமும் பேசுவார்கள். எல்லோரும் வந்தாக வேண்டும்.

அரிசோனாவில் ஈலாய் என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு தொழிற்சாலை. அங்கே லேத்தில் வேலை செய்த ஒருவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. 1984-ல், கூட்டத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று கேட்டார். முடியாது என்றார்கள். வேண்டுமானால் உட்கார்ந்தபடி தூங்கு, பேப்பர் படி, ஆனால் வந்து உட்கார் என்பது பதில்.

இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சொன்னவர்கள் அதைத் தாராளமான சலுகை என்றே நினைத்திருக்கலாம். பாடச் சொல்லவில்லை, முழங்கால் போடச் சொல்லவில்லை, நேரத்துக்குச் சம்பளமும் உண்டு. ஆனால் நம்பாத ஒருவர் கூடவேலை செய்பவர்கள் ஜெபிக்கும்போது நடுவில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும், எல்லோர் கண்ணிலும் படும்படி, தான் வேறு ஆள் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் நடிக்க வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் வேலையின் பெயரால் அவருடைய மனசாட்சியில் கை வைக்கிறார்கள்.

1988-ல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில், சில மாநிலங்களுக்குப் பொதுவாக உள்ள மத்திய நீதிமன்றம்) தீர்ப்பு சொன்னது. அதில் மூன்று பகுதிகள் உண்டு:

1. உரிமையாளர்கள் பக்தர்களாக இருப்பதால் மட்டும் ஒரு நிறுவனம் சமய நிறுவனம் ஆகிவிடாது. லாபத்துக்காக நடக்கிறது, இயந்திரம் செய்து விற்கிறது, எந்த தேவாலயத்தோடும் இணைப்பு இல்லை. எனவே விலக்கு பொருந்தாது.
2. மறுப்பவரைக் கூட்டத்திலிருந்து விட்டுவிடுவதால் நிறுவனத்தின் தொழில் கெட்டுப்போகாது. ஆகவே விட்டுவிட வேண்டும்.
3. அதே சமயம் கூட்டத்தையே தடை செய்ய வேண்டியதில்லை. விருப்பம் உள்ளவர்களோடு முதலாளி ஜெபிக்கலாம்; பில்லில் வசனமும் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மதப்பற்றுள்ள முதலாளியை வாய் மூடச் சொல்லும் சட்டம் இது இல்லை. சிக்-ஃபில்-ஏ உணவகங்கள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருப்பதும், ஹாபி லாபி அதையே செய்வதும் சட்டத்துக்கு உட்பட்டவைதான். அந்த விற்பனை இழப்பை முதலாளியே சுமக்கிறார்.

அதே காலத்தில் மினசோட்டாவில் ஒரு உடற்பயிற்சி நிலையம் இன்னும் ஒரு படி மேலே போனது. வேலை கேட்டு வருபவர்களிடம், சர்ச்சுக்குப் போவாயா, பைபிள் படிப்பாயா, கல்யாணம் ஆனவரா, விவாகரத்து ஆனவரா என்றெல்லாம் கேட்டார்கள். கணவர் சம்மதம் இல்லாமல் வேலைக்கு வரும் மனைவியை எடுக்க மாட்டோம் என்றார்கள். 1985-ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்று தீர்த்தது.

"இஷ்டம் இருந்தால் வாருங்கள்"

இப்போதெல்லாம் நிறுவனங்கள் கட்டாயம் என்று எழுதி வைப்பதில்லை. பிரச்சினை வேறு வடிவத்தில் வருகிறது. வட கரோலினாவில் வீட்டுப் பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தின் மீது 2022-ல் சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குப் போட்டது. தினமும் ஜெபக் கூட்டம். சில நாட்களில் முக்கால் மணி நேரம் வரை. உரிமையாளர் சில சமயம் வருகைப் பதிவு எடுப்பார், வராதவர்களைக் கண்டிப்பார் என்பது குற்றச்சாட்டு. நாத்திகரான ஒரு மேலாளர் சம்பளம் குறைக்கப்பட்டு, பிறகு வேலையும் போனது என்றது ஆணையம். 2023-ல் 50,000 டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

நியூயார்க் வழக்கு இன்னும் விசித்திரமானது. அங்கே கிறிஸ்தவமோ வேறு பழைய மதமோ எதுவும் இல்லை. நிறுவனத் தலைவரின் அத்தை "ஆனியன்ஹெட்" என்ற ஒரு தத்துவத்தை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தார். ஊழியர்கள் சேர்ந்து ஜெபிக்கவும், மேலதிகாரிகளிடம் "உங்களை நேசிக்கிறேன்" என்று சொல்லவும் நிர்பந்திக்கப்பட்டார்கள் என்று வழக்கு. இது மதமே இல்லை, மனவளப் பயிற்சி என்று நிறுவனம் வாதாடியது. 2016-ல் நீதிபதி, இது சட்டத்தின் பார்வையில் மதம்தான் என்றார். 2018-ல் ஜூரி பத்து ஊழியர்களுக்கு 51 லட்சம் டாலர் தரச் சொன்னது. தியானம், ஆன்ம வளர்ச்சி என்ற பெயரில் அலுவலகப் பயிற்சி நடத்துகிறவர்கள் இந்த வழக்கைக் கவனிக்க வேண்டும். பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடாது.

நமக்குப் பழக்கமான ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆயுத பூஜையன்று பட்டறையைக் கழுவி, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லோருக்கும் பொரி கடலை கொடுக்கிறார்கள். பல மதத்தவரும் மகிழ்ச்சியாக வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் பூஜைக்கு வந்து கும்பிட்டவருக்குத்தான் போனஸ் கவர் என்றால், அல்லது நெற்றியில் குங்குமம் இல்லாதவரை முதலாளி ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த மாதம் ஷிப்டை மாற்றினால், அது வேறு கதை. டவுன்லி தீர்ப்பு போட்ட கோடும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் விழுகிறது.

இந்த இடத்தில்தான் 2025 சுற்றறிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லாத பகுதி இருக்கிறது. சக ஊழியர் தன் மதத்தைப் பற்றிப் பேசினால், "வேண்டாம் விடு" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பதவி உயர்வுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அதே பேச்சைப் பேசும்போது "வேண்டாம்" என்ற சொல் அவ்வளவு லேசாக வாயில் வராது. இருவரையும் ஒரே தட்டில் வைப்பது, வேலையிடத்தில் அதிகாரம் என்று ஒன்று இருப்பதையே மறப்பது.

ஹாபி லாபி: முதலாளி ஜெயித்த கதை

இந்தக் கதை தொடங்குவது ஒரு தொழிலாளர் பிரச்சினையில். ஓரிகன் மாநிலத்தில் போதை மறுவாழ்வு மையம் ஒன்றில் வேலை செய்த இருவர், அமெரிக்கப் பூர்வகுடிகளின் சமயச் சடங்கில் பெயோட்டே என்ற கள்ளியை உட்கொண்டார்கள். வேலை போனது, வேலையில்லாதோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1990-ல் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் பொதுவான சட்டத்திலிருந்து மதத்தின் பேரில் விலக்குக் கேட்க முடியாது என்று கையை விரித்தது. நாடு முழுக்க அதிருப்தி. இடதும் வலதும் சேர்ந்து நாடாளுமன்றத்தில் கிட்டத்தட்ட ஒருமனதாக 1993-ல் நிறைவேற்றியதுதான் சமயச் சுதந்திர மீட்புச் சட்டம்.

இருபத்தோரு வருடம் கழித்து அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தது, 500-க்கும் மேற்பட்ட கடைகளும் 13,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களும் கொண்ட ஒரு நிறுவனம். ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, நிறுவனங்கள் தரும் காப்பீட்டில் பெண்களுக்கான 20 கருத்தடை முறைகளும் அடங்க வேண்டும். அவற்றில் நான்கு, கருவான பிறகு அதை அழிக்கக்கூடியவை என்று ஹாபி லாபி உரிமையாளர்களான கிரீன் குடும்பத்தார் நம்பினார்கள். மற்ற 16 முறைகளுக்கு அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. மறுத்தால் அபராதம் ஒரு நாளைக்கு 13 லட்சம் டாலர் வரை போகும்.

2014 ஜூன் 30 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் ஜெயித்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நீதிபதி அலிட்டோவின் தர்க்கத்தில் முக்கியமான கண்ணி இது: சமய அறக்கட்டளைகளுக்கு ஏற்கெனவே ஒரு மாற்று வழி இருந்தது, முதலாளி பணம் தர வேண்டாம், காப்பீட்டு நிறுவனமே தனியாகக் கொடுத்துவிடும். அதையே இவர்களுக்கும் நீட்டினால் பெண் ஊழியர்களுக்கு ஒரு பைசா நஷ்டமும் இல்லை. அதாவது, நம்பிக்கைக்கான விலையை ஊழியர் கொடுக்க வேண்டியதில்லை என்ற கணக்கின் மேல்தான் அந்த வெற்றி நின்றது.

நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் கடுமையாக மறுத்தார். இது எங்கே போய் நிற்கும் என்று கேட்டார். ரத்தம் ஏற்றுவதை ஏற்காத யெகோவா சாட்சிகள், மனச்சோர்வு மருந்துகளை எதிர்க்கும் சயின்டாலஜியினர், பன்றிப் பொருள் கலந்த மாத்திரைகளை விலக்கும் முஸ்லிம், யூத, இந்து முதலாளிகள் எல்லோரும் வரிசையில் நிற்கலாமே என்றார். அதற்கு அலிட்டோ ஒரு எல்லையை எழுதி வைத்தார்: இனத்தின் பேரில் வேலை மறுப்பதற்கு மதத்தைப் போர்வையாக்க இந்தத் தீர்ப்பு உதவாது.

இனம் என்று சொன்னார். பாலினம், பாலீர்ப்பு பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் இன்றைய சண்டை நடக்கிறது. 2020-ல் போஸ்டாக் வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவோ திருநர் என்பதற்காகவோ வேலையை விட்டு நீக்குவது ஏழாம் தலைப்பை மீறுவதே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச், சமயச் சுதந்திர மீட்புச் சட்டம் சில வழக்குகளில் ஏழாம் தலைப்பையும் மிஞ்சி நிற்கக்கூடும் என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டார். 2018-ல் ஆறாவது வட்ட நீதிமன்றம் மிச்சிகன் ஈமச்சடங்கு நிலையம் ஒன்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்றது. 2023-ல் ஐந்தாவது வட்ட நீதிமன்றம் டெக்சாஸின் பிரெய்ட்வுட் நிறுவனத்துக்கு உண்டு என்றது. ஆக, ஒரே நாட்டில் ஒரு தொழிலாளியின் பாதுகாப்பு அவர் எந்த மாநிலத்தில் வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

தொழிலாளியின் நம்பிக்கை

இப்போது மறுபக்கம். மதத்துக்கு இடங்கொடு என்று 1972-ல் சொன்ன சட்டத்தை 1977-ல் விமான நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்டச் சாறு பிழிந்து சக்கையாக்கியது. சொற்பச் செலவுக்கு மேல் ஆனாலே அது மிகையான சிரமம் என்று எழுதியது. அடுத்த 46 வருடம் சனிக்கிழமை ஓய்வு கேட்ட யூதர்களும், வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நேரம் கேட்ட முஸ்லிம்களும், தாடியும் தலைப்பாகையுமாக வந்த சீக்கியர்களும் இந்த ஒரு வரியில் முட்டிக்கொண்டார்கள். சிறுபான்மை மதத்தவருக்குத்தான் அடி பலமாக விழுந்தது. ஏனென்றால் பெரும்பான்மையின் ஓய்வுநாள் ஏற்கெனவே காலண்டரில் சிவப்பாக இருக்கிறது.

2023 ஜூன் 29 அன்று கிராஃப் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் சேர்ந்து அந்த வரியைத் திருத்தினார்கள். பென்சில்வேனியாவில் தபால் துறையில் வேலை பார்த்த கிறிஸ்தவர் கிராஃப். அமேசான் பார்சல்களை ஞாயிற்றுக்கிழமையும் கொடுக்க வேண்டும் என்று துறை ஒப்பந்தம் போட்டதும் சிக்கல் வந்தது. இனி, அந்தத் தொழிலின் அளவோடு ஒப்பிட்டால் கணிசமான கூடுதல் சுமை என்று காட்டினால்தான் முதலாளி மறுக்க முடியும். கூடவேலை செய்பவர்களுக்கு அந்த மதத்தைப் பிடிக்கவில்லை என்பது சிரமக் கணக்கில் வராது.

இங்கேயும் விலை யார் தலையில் என்ற கேள்வி விடாது. அவர் வராத ஞாயிறுகளில் வேறு ஒருவர் வண்டி ஓட்டினார். அவருக்கும் வீடு, பிள்ளைகள் உண்டு. அந்தச் சுமை தொழிலின் நடப்பையே பாதித்தால் முதலாளி அதைக் கணக்கில் எடுக்கலாம் என்று தீர்ப்பு இடம் வைத்திருக்கிறது.

2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த இன்னொரு வழக்கு எளிமையானது. ஓக்லஹோமாவில் ஒரு துணிக்கடையில் 17 வயதுப் பெண் முக்காடு அணிந்து நேர்முகத்துக்குப் போனார். தொப்பி கூடாது என்ற தோற்ற விதியைச் சொல்லி அபர்கிராம்பி நிறுவனம் வேலை தரவில்லை. மத விலக்கு வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லையே என்றது நிறுவனம். வேலை மறுத்ததற்கு அந்த முக்காடு காரணமாக இருந்தால் போதும், கேட்டாரா இல்லையா என்பது பொருட்டில்லை என்றார் நீதிபதி ஸ்காலியா. எட்டுக்கு ஒன்று.

சமய நிறுவனமே முதலாளியானால்

இங்கே தொழிலாளிக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. யூட்டாவில் மார்மன் சபை நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தில் 16 வருடம் கட்டடப் பராமரிப்பு பார்த்தவரை, சபையின் நல்ல உறுப்பினர் சான்று இல்லை என்று நீக்கினார்கள். 1987-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சபை பக்கம் நின்றது. போதகரை வைப்பதும் நீக்குவதும் சபையின் உரிமை, நீதிமன்றம் அதில் தலையிடாது என்பது விதி; அதே நீதிமன்றத்தின் 2012, 2020 தீர்ப்புகள் சமயப் பள்ளி ஆசிரியர்களையும் போதகர் கணக்கில் சேர்த்தன. 2020 வழக்கில் ஒருவர் வயதுப் பாகுபாடு என்றும், இன்னொருவர் மார்பகப் புற்றுநோய் வந்ததால் நீக்கினார்கள் என்றும் முறையிட்டிருந்தார். மதத்துக்குச் சம்பந்தமே இல்லாத அந்தப் புகார்களும் விசாரணைக்கு வராமல் போயின. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. யார் போதிப்பது என்று சபை முடிவு செய்யட்டும். நோய்க்காக நீக்கினார்களா என்பதையாவது கேட்டிருக்கலாம்.

இந்தியாவில் எப்படி?

அமெரிக்க நிறுவனங்களின் சென்னை, பெங்களூரு கிளைகளில் வேலை செய்பவர்கள், இதே சட்டம் இங்கேயும் காப்பாற்றும் என்று நினைத்துவிடுவது உண்டு. அமெரிக்கக் குடிமகனாக இல்லாத, இந்தியாவில் வேலை செய்யும் ஒருவருக்கு ஏழாம் தலைப்பு பொருந்தாது.

நம் அரசியலமைப்பின் 15, 16-ஆம் பிரிவுகள் மதப் பாகுபாட்டைத் தடை செய்கின்றன. ஆனால் 15(1) கட்டுப்படுத்துவது அரசை. 16 பேசுவது அரசு வேலையை. 15(2) கடை, ஹோட்டலுக்குள் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அங்கே வேலைக்கு எடுப்பதைப் பற்றி அது பேசவில்லை. மதத்தின் பேரில் வேலை மறுக்கக் கூடாது என்று தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் பொதுவான மத்தியச் சட்டம் இல்லை. அப்படி ஒன்றுக்காக சசி தரூர் 2017-ல் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை.

தேவை இல்லாமல் இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி 4,808 விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். முஸ்லிம் பெயர் உள்ள விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம், உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு.

பெரும்பாலும் இந்த மறுப்புக்குக் காரணம் எழுதித் தர மாட்டார்கள். 2015-ல் மும்பையின் வைர ஏற்றுமதி நிறுவனம் ஒன்று எழுதியே தந்தது. எம்.பி.ஏ. முடித்த ஓர் இளைஞர் மின்னஞ்சலில் விண்ணப்பித்தார். முஸ்லிம் அல்லாதவர்களை மட்டுமே வேலைக்கு எடுக்கிறோம் என்று பதில் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. போலீசார் வழக்குப் பதிந்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்தது தொழிலாளர் சட்டம் எதையும் அல்ல; தேசிய ஒருமைப்பாட்டுக்குக் கேடான கூற்றுகளுக்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 153-பி பிரிவை.